மாடியறையில் பேசில் வளர்த்த கதை: ஈயைத் துரத்தி நான் இழந்த ஐந்து மாதம்

வாடிய செடியின் பையைக் கவிழ்த்து வேரைப் பார்க்கும் பழக்கம் எனக்குத் தொடக்கத்திலேயே இருந்திருந்தால், முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகியிருக்கும். நான் இலையைப் பார்த்தேன், விளக்கைப் பார்த்தேன், உரப் பொட்டலத்தின் பின்பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேரை மட்டும் பார்க்கவில்லை. அறைக்குள் பை வைத்துச் செடி வளர்க்க நினைப்பவர்கள், அதிலும் நம் கடலோரத்து உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு வளர்க்க நினைப்பவர்கள், நான் பட்டதைப் படாமல் இருக்கட்டும் என்றே இதனை விரிவாக எழுதுகிறேன்.

துபாயில் ஓர் உணவுக் கிடங்கில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 2023-இல் கீழக்கரைக்குத் திரும்பினேன். அங்கே தினமும் என் கையால் எடை போட்டு அடுக்கிய கீரைப் பெட்டிகளில் பேசிலும் ஒன்று. இத்தாலியச் சமையலுக்குப் போகும் இந்தச் செடியும் நம் ஊர்த் திருநீற்றுப்பச்சையும் ஒரே இனம்தான்; சர்பத்தில் ஊறப் போடும் சப்ஜா விதை இந்த இனத்துச் செடியிலிருந்தே வருகிறது. மதுரையில் ஓர் உணவகம் வாரம் ஆறு கிலோ இலையைக் கிலோ 350 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. வெளியில் வளர்ப்பது எங்கள் தெருவில் நடக்காத காரியம்: ஆடிக் காற்று மணலையும் உப்பையும் சேர்த்து அடிக்கும், மிஞ்சியதை ஆடு தின்னும். ஆகவே வாப்பா காலத்தில் சாமான் போட்டு வைத்திருந்த மாடியறையைக் காலி செய்து, இரும்பு அடுக்குகள், பன்னிரண்டு எல்.இ.டி விளக்குகள், இரண்டு மின்விசிறிகள், கோகோபிட் என்னும் தேங்காய் நார்த்தூள் நிரப்பிய 160 பைகள் என 74,000 ரூபாய் செலவழித்தேன். உம்மா ஒருமுறை படியேறி வந்து பார்த்துவிட்டு, "இந்த எலைக்காகவா வாப்பா துபாயை விட்டுட்டு வந்தே?" என்று மட்டும் கேட்டார். ஆகஸ்டில் முதல் அறுவடை நடந்தபோது அதற்குப் பதில் சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் நடுவில் பைகளின் மேல் சிறு கறுப்புப் பூச்சிகள் நடமாடத் தொடங்கின. கொசுவைவிடச் சிறியவை, கடிக்காதவை, பறப்பதைவிடக் கோகோபிட்டின் மேல் தத்தித் தத்தி ஓடுவதையே விரும்புகிறவை. காளான் வளர்ப்பவர்கள் இவற்றைச் சியாரிட் ஈ என்பார்கள். பூஞ்சை ஈ என்றும் சொல்வதுண்டு. வாழைப்பழத்தை மொய்க்கும் ஈ என்று நினைத்து நான் முதல் மூன்று வாரம் பொருட்படுத்தவே இல்லை. பிறகு 450 ரூபாய்க்கு மின்சாரக் கொசு மட்டை வாங்கி, மாலைதோறும் அரைமணி நேரம் அடித்தேன். பட் பட் என்று வெடிக்கும் சத்தம் கேட்கக் கேட்க ஏதோ சாதித்த நிறைவும் வந்தது. உண்மையில் பறக்கும் ஈ செடிக்கு நேரடியாகக் கெடுதி செய்வதில்லை, அது வாழ்வதே ஏறத்தாழ ஒரு வாரம்தான். ஆனால் அந்த ஒரு வாரத்திற்குள் ஒரு பெண் ஈ ஈரமான மேல்மண்ணில் நூற்றுக்கு மேல் முட்டை இட்டுவிடும். முட்டையிலிருந்து வரும் புழு இரண்டு வாரம்போல் மண்ணுக்குள் பூஞ்சையையும் மட்கும் பொருளையும் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாகும். புழு பெருகும்போதுதான் மெல்லிய வேர்களையும் கடிக்கும். கடித்த இடத்தில் அழுகல் நோய் நுழையும். மட்டையில் நூறு ஈக்களை நான் பொசுக்கிய வேளையில், கால்முட்டிக்குக் கீழே இருந்த பைகளில் அதைப் போல எத்தனையோ மடங்கு புழு வளர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை, நீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ் மீட்டரில் அளந்தால் 2,100 காட்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கடலோர உவர் ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையத்தை இராமநாதபுரத்தில் வைத்திருக்கிறது என்றால், உப்பு நம் வட்டாரத்தில் எவ்வளவு பெரிய சங்கதி என்பது புரியும். பேசில் இலையின் ஓரம் பழுப்பாகக் கருகியதைப் பார்த்ததும் உப்பு ஏறிவிட்டது என்று சரியாகவே கணித்தேன். அதற்குக் கண்ட மருந்துதான் தவறாகிப் போனது. உப்பைக் கழுவி வெளியேற்றுவதற்காக, அதே உப்பு நீரைத் தினமும் பையின் அடியில் வழியும் வரை ஊற்றினேன். ஊற்ற ஊற்றக் கோகோபிட் காயவே இல்லை. காயாத கோகோபிட்டில் புழு பெருகியது. புழு கடித்த வேர் நீரை உறிஞ்சவில்லை. நீரை உறிஞ்சாத செடி வாடியது. வாடிய செடியைப் பார்த்து, உப்பு இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று மேலும் ஊற்றினேன். போதாக்குறைக்கு, செடி தெம்பிழந்துவிட்டது என்று கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து அந்தக் கரைசலையும் விட்டேன். மூன்றாம் நாள் பைகளின் மேல் வெள்ளைப் பஞ்சு போலப் பூஞ்சை படர்ந்தது. மூடிய அறைக்குள் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுவதும் பூஞ்சை ஈக்கு விருந்து வைப்பதும் ஒன்றே. வயலில் நல்ல உரம் என்பதற்காக அறைக்குள்ளும் நல்லது என்று எண்ணிவிட வேண்டாம்.

அக்டோபர் கடைசியில் ஓர் இரவு இரண்டு போலீஸ்காரர்கள் கதவைத் தட்டினார்கள். கடற்கரைப் பக்கத்துச் சந்திலிருந்து பார்த்தால் எங்கள் மாடி ஜன்னல் ஊதா நிறத்தில் ஒளிர்ந்திருக்கிறது; யாரோ சொல்லியிருக்கிறார்கள். கஞ்சா படகேறும் வழியென்று பெயர் வாங்கிவிட்ட கடற்கரையில், இரவு முழுவதும் ஊதா விளக்கு எரியும் அறையைச் சந்தேகிக்காவிட்டால்தான் வியப்பு. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின்படி கஞ்சாச் செடி வளர்த்தால் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மூத்தவர் ஓர் இலையைக் கிள்ளி மோந்துவிட்டு, "என்ன பாய், திருநீத்துப்பச்சைக்கா இவ்வளவு கரண்டு?" என்றார். தேநீர் குடித்துவிட்டு மரியாதையாகவே கிளம்பினார்கள். ஆனால் தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அந்தக் கூச்சத்தில் மறுநாளே ஜன்னலுக்குத் தடித்த தார்ப்பாய் அடித்தேன். வெளிச்சம் நின்றது, காற்றும் நின்றது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருந்த நாட்கள் அவை. கடலோரத்து ஈரக் காற்று அறைக்குள்ளேயே தேங்கிச் சுவரில் நீர் கோத்தது. பத்தே நாளில், விளக்கைப் போட்டால் அறை முழுவதும் கருந்தூசி எழும்புவது போல ஈக்கள் எழும்பின. இதைப் படிப்பவர்கள் சாதாரண வெள்ளை நிற எல்.இ.டி வாங்குங்கள், செடி அதிலும் நன்றாகவே வளர்கிறது, அக்கம்பக்கத்துக் கேள்வியும் குறையும். ஜன்னலை மறைத்தே தீர வேண்டுமென்றால் காற்றுப் புகும் நெருங்கிய வலையைப் போடுங்கள்.

நான் திணறிய அந்த நாட்களில் படிக்கக் கிடைத்தவற்றில் பெரும்பகுதி, நான் எதற்காகச் சந்தேகிக்கப்பட்டேனோ அந்தப் பயிரை வளர்ப்பவர்கள் எழுதியது என்பது ஒரு வேடிக்கை. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பயிர். அங்கே அறைக்குள் பை வைத்து வளர்ப்பவர்களுக்குப் பூஞ்சை ஈயும் வேர் அசுவினியும் நெடுநாள் தலைவலி. அறுவடையாவதை அப்படியே நுகர்வதால் அதன் மேல் நினைத்த மருந்தை அடிக்க அங்கே அனுமதியில்லை. ஆகவே நீரைக் குறைப்பது, ஒட்டும் அட்டை, உயிரியல் முறைகள் என்றுதான் பெரிதும் எழுதுகிறார்கள். என் பேசிலும் பறித்த மறுநாள் தட்டில் பச்சையாகப் போகும் இலை என்பதால் அவர்களுடைய கட்டுப்பாடு எனக்கும் பொருந்தியது. பொருந்தாதது அவர்களுடைய குளிர்ந்த அறையும் நல்ல தண்ணீரும். அந்த வேறுபாட்டை யோசிக்காமல் அப்படியே பின்பற்றியதில் மூன்று முறை அடி வாங்கினேன்.

முதலாவது, ஹைட்ரஜன் பெராக்சைடு. ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர் கலந்து மண்ணில் ஊற்றினால் புழு சாகும் என்று அவர்கள் எழுதுவது 3 சதவீதக் கரைசலுக்கு. நம் மருந்துக்கடைப் புட்டி 6 சதவீதம். நான் லேபிளைப் படிக்காமல் அதே ஒன்றுக்கு நான்கில் கலந்து நாற்றுகளுக்கு ஊற்றினேன். பொங்கி நுரைத்தது பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் நாற்பது நாற்றுகள் தலை சாய்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேர்நுனிகள் பழுப்பாகச் சுருங்கியிருந்தன. ஒன்றுக்கு ஒன்பது என்று கலந்திருக்க வேண்டும். அப்படிக் கலந்தாலும் அது கண்ணெதிரே இருக்கும் புழுவோடு மண்ணின் நல்ல நுண்ணுயிரையும் சேர்த்துக் கொல்லும் என்பதால், நான் இப்போது அந்தப் புட்டியை அறைக்குள் கொண்டுபோவதில்லை.

இரண்டாவது, பி.டி எனப்படும் பாக்டீரியா மருந்து. கடையில் "பி.டி வேண்டும்" என்று கேட்டு 780 ரூபாய்க்கு வாங்கி வந்து மூன்று வாரம் ஊற்றினேன், ஒரு புழுவும் சாகவில்லை. பி.டியில் வகைகள் உண்டு. விவசாயக் கடையில் எளிதாகக் கிடைக்கும் குர்ஸ்டாக்கி என்னும் வகை கத்தரி, முட்டைக்கோஸ் போன்றவற்றின் காய்ப்புழு, இலைப்புழுவுக்கானது. ஈ, கொசு இவற்றின் புழுவைக் கொல்வது இஸ்ரேலென்சிஸ் என்னும் வேறொரு வகை. கொசுப்புழு ஒழிப்பில் பயன்படுவது அதுவே. புதுச்சேரியில் உள்ள கொசு ஆராய்ச்சி மையம் அந்த வகையில் ஓர் உள்நாட்டுத் தயாரிப்பையே உருவாக்கியிருக்கிறது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, நான் கேட்டதை அவர் கொடுத்தார். பாக்கெட்டின் மேல் எந்த வகை என்று முழுப் பெயரையும் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். அந்தச் சரியான வகையும் தின்றுகொண்டிருக்கும் இளம் புழுவை மட்டுமே கொல்லும். கூட்டுப்புழுவுக்கும் ஈக்கும் அதனால் ஒன்றும் ஆகாது, மண்ணில் நெடுநாள் நிற்கவும் செய்யாது. ஆகவே வாரம் ஒருமுறையாக நான்கைந்து வாரம் விடாமல் ஊற்ற வேண்டும். நான் பிற்பாடு வாங்கியதன் லேபிளில் கொசுப்புழு என்றே போட்டிருந்ததால், விற்பனைக்குப் பறிக்கும் செடிகளுக்கு அதனை ஊற்றவில்லை. தாய்ச்செடிகளுக்கும் இளஞ்செடிகளுக்கும் மட்டும் இலையில் படாமல் வேரடியில் ஊற்றினேன்.

மூன்றாவது அடிதான் எனக்கு அதிகம் வலித்தது, ஏனென்றால் அதில் நான் மிகுந்த அக்கறையோடு நடந்துகொண்டேன். மேல்மண் காய்ந்தால் ஈ முட்டையிடாது, ஆகவே பையைத் தட்டில் வைத்துத் தட்டில் நீர் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள் என்று அவர்கள் சொல்வது முற்றிலும் நியாயமான யோசனை. 160 பைகளுக்கும் தட்டு வாங்கினேன். ஈ குறையவும் செய்தது. மூன்றே வாரத்தில் ஒவ்வொரு பையின் மேலும் உப்பளத்தில் பார்ப்பது போல வெண்மையாகப் பொரிந்தது. அடியிலிருந்து ஏறும் உப்பு நீர் மேலே வந்து ஆவியாகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. தண்டின் அடி வெந்தது போலாகிச் செடிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மேலே ஊற்றினால் ஈ, கீழே ஊற்றினால் உப்பு என்ற நிலையில், டிசம்பர் முதல் வாரம் உணவகத்திற்குப் போன் செய்து இனி அனுப்ப முடியாது என்று சொன்னேன். நவம்பரிலிருந்தே பாதி வாரங்களில் இலையில்லாமல் பெட்டி போகவில்லை. அன்றிரவு மாடிக்குப் போகவே மனம் வரவில்லை. விளக்கு தானாக எரிந்து தானாக அணைவதைக் கீழே படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழி காட்டியவர் தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று போடும் ஓர் அக்கா. அந்தப் பகுதியிலிருந்து மல்லிகை நாற்று எங்கெல்லாமோ போகிறது; வேறு வேலையாகப் பாம்பன் பாலம் தாண்டிப் போனபோது, செத்துக்கொண்டிருந்த இரண்டு பைகளை யாரிடமாவது காட்டலாம் என்று எடுத்துப் போயிருந்தேன். அவர் இலையை ஏறிட்டும் பார்க்கவில்லை. சுட்டுவிரலை இரண்டாம் கணு வரை கோகோபிட்டுக்குள் விட்டு, எடுத்து மோந்து பார்த்துவிட்டு, பையைத் தரையில் கவிழ்த்துத் தட்டினார். வேர்க்கட்டியின் அடிப்பகுதி முழுதும் கரும்பழுப்பாகக் கூழாகி இருந்தது. "தம்பி, இது மண்ணா சகதியா? எங்க மணல்ல காலையில ஊத்துனா மதியம் இல்ல. வேரு மூச்சு விட வேணாமா?" என்றார். "ஈ வருதுக்கா" என்றேன். "சகதிக்கு ஈ வராம எது வரும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டார். திரும்பும் வழியெல்லாம் எனக்குத் தோன்றியது ஒன்றே: மூன்று மாதமாக நான் ஈயோடு போராடவில்லை, என் தண்ணீரோடு போராடிக்கொண்டிருந்திருக்கிறேன். நல்ல நீர் இருந்தால் கழுவ வேண்டியதில்லை. கழுவ வேண்டியதில்லை என்றால் காயவிடலாம். காயவிட்டால் ஈக்கு அங்கே வேலையில்லை.

அந்த மழைக்காலத்திலேயே மாடித் தளத்து மழைநீர்க் குழாயை 2,000 லிட்டர்த் தொட்டிக்குத் திருப்பினேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். எங்கள் தளம் 46 சதுர மீட்டர் என்பதால் 50 மில்லிமீட்டர் பெய்தாலே கணக்குப்படி 2,300 லிட்டர். சிந்துவது, முதல் மழையில் தளத்தைக் கழுவ விடுவது போகத் தொட்டி ஏறக்குறைய நிறைந்துவிடும். மீட்டரில் அந்த நீர் 20-தான் காட்டியது. மழையில்லாத மாதங்களுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாட்களில் குடிப்பதற்குப் போக மிஞ்சுவதைப் பிடித்து வைக்கிறேன்; அது எங்கள் குழாயில் 340 காட்டுகிறது. மழைநீரில் சத்து எதுவும் இல்லை என்பதால் கால்சியம் உள்ள உரம் அவசியம். கோகோபிட்டும் உப்போடு வரக்கூடியது. வாங்கியதும் நல்ல நீரில் ஊறவைத்து, பிழிந்த நீரை அளந்து, எண் இறங்கும் வரை அலசிய பிறகே பையில் நிரப்ப வேண்டும்.

எப்போது ஊற்றுவது என்பதற்கு மீன் எடை போடும் தொங்கு தராசு ஒன்றை வாங்கினேன். நனைந்து வடிந்த பை 3.4 கிலோ. அது 2.2 கிலோவுக்கு இறங்கும் வரை ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை. பாதிச் செடிக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை போதுமாக இருந்தது, நானோ தினமும் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு மாதம் எடை போட்ட பிறகு கைக்கே தெரிந்துவிடுகிறது. பையின் மேல் அரை அங்குலம், சலித்துக் கழுவிய எம்-சாண்ட் பரப்பினேன். மேற்புறம் சீக்கிரம் காய்கிறது. கடற்கரை மணல் இலவசமாகக் கிடைக்கிறதே என்று யாரும் அதைப் பரப்பிவிடாதீர்கள். தார்ப்பாயை அகற்றி வலை அடித்தேன். அறை மூலையில் பாதி திறந்து கிடந்த ஈரக் கோகோபிட் மூட்டையை, ஈக்களின் தாய்வீடே அதுதான் என்று தெரிந்த அன்றே, வெளியேற்றினேன். அழுகிய பைகள் 90-க்கு மேல் இருந்தன. காப்பாற்ற முயலாமல் எல்லாவற்றையும் கட்டி வெளியே கொண்டுபோனேன். ஒரு வாரம் முன்பே செய்திருக்க வேண்டும். இரக்கப்பட்டு வைத்திருந்த செடிகளே மற்றவற்றைக் கெடுத்தன.

புழு இருக்கிறதா என்று அறிய மிக எளிய வழி உருளைக்கிழங்கு. விரல் தடிமனில் ஒரு வில்லை நறுக்கி, வெட்டுமுகம் மண்ணில் படும்படி வைத்து, இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். முதன்முறை திருப்பியபோது ஒரு வில்லையின் கீழ் பதினேழு புழுக்களை எண்ணினேன். கண்ணாடி நூல் போன்ற உடல், உள்ளே தின்றது கருங்கோடாகத் தெரிந்தது, நுனியில் கடுகின் முனை அளவுக்குப் பளபளக்கும் கறுப்புத் தலை. விளக்கு பட்டதும் நெளிந்து உள்ளே போகப் பார்த்தன. இந்தத் தலையை வைத்துத்தான் இதை மண்ணில் இருக்கும் மற்றப் புழுக்களிலிருந்து பிரித்து அடையாளம் காண வேண்டும். மஞ்சள் ஒட்டும் அட்டையை எல்லோரும் தொங்கவிடுகிறார்கள். மண்ணுக்கு இரண்டு அங்குலம் மேலே படுக்கையாக வைத்தால் பன்மடங்கு ஒட்டுகிறது. அதன் முதல் வேலை ஈயைப் பிடிப்பதன்று, கணக்குக் காட்டுவது. ஞாயிறுதோறும் எண்ணிச் சுவரில் எழுதினேன்: ஜனவரி முதல் வாரம் ஓர் அட்டைக்கு 140, அடுத்த வாரம் 115, பிறகு 60, மாத முடிவில் 9. முதல் இரண்டு வாரம் பெரிதாகக் குறையவில்லையே என்று கைவிடத் தோன்றும். ஏற்கெனவே கூட்டுப்புழுவாக இருப்பவை வெளிவந்து தீரும் காலம் அது. முட்டையிலிருந்து ஈ வரை மூன்று நான்கு வாரம் என்பதால், அதற்குக் குறைந்து எந்த முறையையும் எடை போட வேண்டாம்.

பூச்சிப் புழுவுக்குள் புகுந்து அதைக் கொல்லும் நுண்ணிய நூற்புழுவை நீரில் கலந்து ஊற்றுவதும் உயிரியல் முறைகளில் ஒன்று. வெளிநாட்டில் பரிந்துரைப்பது குளிர்ச்சியை விரும்பும் இனம், நம் அறை வெப்பத்தில் அது தாக்குப்பிடிக்காது. வெப்பம் தாங்கும் ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகா என்னும் இனம் கோயம்புத்தூர் மண்ணில் கண்டறியப்பட்டு 1992-இல் பெயர் பெற்றது, வேர்ப்புழுவுக்கு விற்கிறார்கள். காயவிட்டதிலேயே ஈ அடங்கிவிட்டதால் எனக்கு அது தேவைப்படவில்லை.

நான் இழந்த கணக்கு இதுதான்: கைவிட்டுப் போன பதின்மூன்று வார விற்பனை 27,300 ரூபாய், மட்டை, தவறான பி.டி, பெராக்சைடு, புண்ணாக்கு, வீணான விதையும் கோகோபிட்டும் சேர்த்து 5,930 ரூபாய், மொத்தம் 33,230. தட்டுகளுக்கான பணத்தை இதில் சேர்க்கவில்லை, அவை இப்போது உம்மாவின் வற்றல் காயப் போடப் பயன்படுகின்றன. பிப்ரவரி நடுவில் உணவகத்திற்கு மூன்று கிலோவோடு மீண்டும் தொடங்கினேன்; ஆறு கிலோவுக்கு வர மே ஆனது. ஈ அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அட்டையில் வாரத்திற்கு இரண்டு மூன்று ஒட்டுகின்றன, பத்தைத் தாண்டினால் நீர் ஊற்றிய தேதிகளைத் திரும்பப் பார்க்கிறேன். புதிதாக வரும் நாற்றுத் தட்டும் கோகோபிட்டும் இப்போது நேரே மாடிக்குப் போவதில்லை. கீழே திண்ணையில் ஓர் அட்டையோடும் ஓர் உருளைக்கிழங்கு வில்லையோடும் பத்து நாள் இருந்துவிட்டுத்தான் படியேறுகின்றன.